பனங்காட்டு இரவுக்கு எந்த உறை?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் முதல் பிவி உறையை, அதாவது கூடாரத்துக்குப் பதிலாக ஓர் ஆள் உள்ளே நுழைந்து படுக்கும் நீர்புகாப் பையை, ஒரே ஓர் எண்ணைப் பார்த்து வாங்கினேன். அட்டையில் 480 கிராம் என்று அச்சிட்டிருந்தது. அதுவரை நான் சுமந்து திரிந்த கூடாரம் கம்பி, ஆணி, பை எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ இருந்ததால், அரைக் கிலோவுக்கும் குறைந்த ஒரு பொருளுக்குள் ஓர் ஆள் மழைக்கும் பனிக்கும் தப்பி உறங்கலாம் என்பதே எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. அது என்ன பொருள் என்று கேட்ட ஆச்சிக்கு விளக்கிச் சொல்லி முடித்ததும், "அப்போ ஆளுக்குப் போடுத தலையணை உறைன்னு சொல்லு" என்றாள். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

மாதத்தில் ஓர் இரவாவது தனியாக வெளியில் படுப்பது என் வழக்கம். அது மலையில் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலேயும் களக்காட்டுக்கு மேலேயும் கிடக்கும் காடு முழுவதும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988 முதல் அது காப்பகமாக இருக்கிறது. வனத்துறையின் அனுமதியில்லாமல் அங்கே நுழைவதே குற்றம் என்னும்போது இரவு தங்குவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மடிந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன; அவை சரியான விதிகள் என்றே நான் நினைக்கிறேன். அடிவாரத்துத் தோட்டங்களையும் நான் தவிர்த்துவிடுகிறேன். அங்கே கரடி இறங்கும், சிறுத்தை இறங்கும். பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலி இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே என் இரவுகள் எல்லாம் கீழ்நாட்டில்தான் கழிகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒரு பனைவிளை இருக்கிறது. அதைத் தாண்டினால் தேரி என்கிற செம்மணல் மேடு. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது குதிரைமொழித் தேரி அந்தப் பக்கம் போய்விட்டது என்றாலும், எங்கள் பங்குக்கும் கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது. பெரியப்பாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவேன். "படுக்கணும்னா வீட்டுத் திண்ணையில படுக்க வேண்டியதுதானல" என்பது அவருடைய நிரந்தரமான பதில்.

அந்த உறையை முதலில் சோதித்தது ஒரு பங்குனி இரவில். இரவு எட்டு மணிக்குக் கடற்காற்று நின்றது. கொசு வந்தது. ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினேன். கொசு முகத்துக்கு வந்ததும் முகத்துக்கு மேலும் ஏற்றி, மூச்சுக்கு ஒரு கையகல இடைவெளி மட்டும் விட்டேன். பதினொரு மணிக்குள் இடுப்பில் கட்டியிருந்த சாரம் தொடையோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு விடும் துணி என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டது துணியா நானா என்று தெரியவில்லை. மூன்றரை மணிக்கு இடுப்பு வரை வெளியே வந்து, உறையைக் கால்மாட்டில் சுருட்டிவிட்டு, கொசுவுக்கு உடம்பை ஒப்புக்கொடுத்துப் படுத்தேன். விடிவதற்கு முன், அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, முருக்குத்தடியைத் தோளில் சாய்த்தபடி பதநீர் இறக்க வந்த பனையேறி அண்ணாச்சி என்னருகில் வந்து நின்று, சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏ, உயிரோடதான் கெடக்கியளா?" என்று கேட்டார்.

உறை கெட்டுப்போனதல்ல, அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது. தவறு எங்கே என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கோர்டெக்ஸ் முதலிய சவ்வுத் துணிகள் நீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடுபவை. ஆனால் அந்த நீராவியைத் தள்ளிக்கொண்டு போக அவற்றுக்கென்று தனி எந்திரம் எதுவும் இல்லை. உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால் அந்த வேறுபாடே ஆவியைத் தள்ளுகிறது. தோலை ஒட்டியிருக்கும் 35 டிகிரிக் காற்று முழுக்க ஈரமாக இருந்தால் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 56 ஹெக்டோபாஸ்கல். வெளியே 5 டிகிரிக் குளிர் என்றால், அந்தக் காற்று முற்றிலும் ஈரமாகவே இருந்தாலும் அதன் ஆவியழுத்தம் 9-ஐத் தாண்டாது. இந்த உறைகளை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்தது அந்த இரவைத்தான். எங்கள் பங்குனி இரவிலோ வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. அதன் ஆவியழுத்தம் 27. தள்ளும் விசை 47-லிருந்து 29-க்கு இறங்கிவிடுகிறது. குளிரில் உறங்குகிறவனுக்கு இரவு முழுவதும் மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ கால் லிட்டர் நீர்தான் போகும். புழுக்கத்தில் உடம்பு அதற்கு மேல் வியர்வையையும் கொட்டுகிறது. வெளியேற்றும் வழி குறுகுகிறது, வெளியேற வேண்டிய நீர் பெருகுகிறது. எத்தனை விலை உயர்ந்த சவ்வாக இருந்தாலும் இந்தக் கணக்கை அது மாற்றாது.

அப்படியானால் மார்கழியில் அதே உறை நன்றாக இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. பெருமளவு இருந்தது, ஆனால் வேறொரு பாடம் கிடைத்தது. வானம் துடைத்துவைத்தது போலிருந்த ஒரு மார்கழி இரவில் தேரியின் வெட்டவெளியில் படுத்தேன். விடியும்போது உறையின் மேல் பனி இறங்கி, விரலால் கோடு போட்டால் நீர் வழிந்தது. உள்பக்கமும் ஈரம். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் துணி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகவும், என் மூச்சின் ஈரம் அதன் அடியில் துளியாகவும் படிகின்றன. மேல்துணி நனைந்துவிட்டால் ஆவி போகும் வழியும் அடைபடுகிறது. அடுத்த மாதம் அதே உறையை இருபது அடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் விரித்தேன். காலையில் துணி உலர்ந்தே இருந்தது. கிடை போடுகிற கீதாரிகளுக்கும் களத்தில் காவல் படுக்கிறவர்களுக்கும் இது புதிய செய்தியே அல்ல. மரத்தடியில் பனி இறங்காது என்பதை அவர்கள் எந்தக் கணக்கும் போடாமல் அறிந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே ஏதேனும் ஒன்று, அது ஒரு மெல்லிய துணியாகவே இருந்தாலும், வானத்தை மறைத்தால் போதும்.

இந்த இரண்டு இரவுகளும் சேர்ந்துதான் என் முடிவை முடிவு செய்தன. எங்கள் ஊருக்கு வேண்டியது உடம்பைச் சுற்றி மூடும் நீர்புகா உறை அல்ல. கீழே நீர்புகாத் தரையும் மேலே முழுக்க வலையுமாக ஓர் உறை, அதற்கு மேலே தனியாக ஒரு சிறு தார்ப்பாய். காற்று நாலு பக்கமும் ஓடும். மழை இல்லாத இரவில் தார்ப்பாயைப் பாதி மடித்துவிடலாம்.

வெறும் தார்ப்பாயும் ஒரு பாயும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிப் படுத்திருக்கிறேன். பத்தமடைக் கோரைப்பாயில் படுப்பது போன்ற சுகம் எந்த நுரைமெத்தையிலும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுவிரியன் தரையில் உறங்குகிறவர்களை இரவில் கடிக்கிற பாம்பு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது என்பதால், கடிபட்டவருக்குத் தெரிவதற்குள் இமை தொங்கி மூச்சு திணறத் தொடங்கிவிடும். தேரியில் சுருட்டை விரியன் வேறு. இவற்றோடு தேளையும், புதர்க்காடுகளில் ஒட்டிக்கொள்ளும் சிற்றுண்ணிகளையும், அவை கொண்டுவரும் உண்ணிக்காய்ச்சலையும் எண்ணிப் பார்த்தால், தரையும் வலையும் இடைவெளியின்றி ஒன்றாகத் தைக்கப்பட்டு ஒரே ஜிப்பால் மூடப்படுவது ஆடம்பரம் அல்ல என்பது விளங்கும். ஆகவே யார் என்னிடம் கேட்டாலும் எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தரையைப் பற்றித்தான் பேசுகிறேன். தரைத்துணி பக்கங்களில் ஒரு சாண் உயரத்துக்குத் தொட்டி போல ஏறி நிற்க வேண்டும். மழைநீர் தெறித்து உள்ளே வராமலிருப்பதும் அதனால்தான்.

வலையிலும் பார்க்க வேண்டியது உண்டு. கொசுவலைக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் என்பது பரவலாக உள்ள அளவு. கொசுவுக்கு அது போதும். உவரிப் பக்கம் கடற்கரையில் மாலை வேளையில் கடிக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குப் போதாது. இன்னும் நெருக்கமான வலை வாங்கினால் அதையும் தடுக்கலாம், ஆனால் காற்றோட்டம் சற்றுக் குறையும். நான் விளையில் படுப்பதே மிகுதி என்பதால் முதலில் சாதாரண வலையை எடுத்தேன். இரண்டு உவரி இரவுகளுக்குப் பிறகு மாற்றினேன்.

இத்தகைய வலை உறைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றின் விலையும் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தபோது எனக்கு மனம் வரவில்லை. துணியை மட்டும் வரவழைத்து, பாளையங்கோட்டையில் கொசுவலை தைத்துக் கொடுக்கும் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோனேன். சிலிக்கான் பூசிய துணி வழுக்கும்; எந்திரத்தின் பல் அதைப் பிடித்துத் தள்ளாமல் ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. அவர் இரண்டு நிமிடம் என்னைத் திட்டினார். பிறகு செய்தித்தாளை நீளவாக்கில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, துணிக்கு அடியில் வைத்து, தாளையும் சேர்த்தே தைத்துக்கொண்டு போனார்; முடிந்ததும் தையலை ஒட்டித் தாளைக் கிழித்து எடுத்துவிட்டார். தையல் நூல் பிடித்தது போல் நேராக இருந்தது. 14-ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு 11-ஆம் எண் ஊசி போடச் சொன்னது மட்டும் என் பங்கு. ஊசி பருமனாக இருந்தால் ஒவ்வொரு குத்தும் நீர் வரும் துளை. நூலும் பருத்தியாக இருக்கக் கூடாது. பாலியெஸ்டராக இருக்க வேண்டும்.

முதல் உருப்படியில் அளவு தவறிவிட்டது. வலையைப் பெட்டி போல நேராகத் தைத்தோம். படுத்தபோது வலை மூக்கிலும் முழங்காலிலும் ஒட்டியது. ஒட்டிய இடத்தில் எல்லாம் கொசு வலைக்கு வெளியே அமர்ந்துகொண்டு நிதானமாகக் குடித்தது. இரண்டாவதில் தலைமாட்டில் அகலம் 75 செண்டிமீட்டரும் கால்மாட்டில் 55-ம் வைத்து, முகத்துக்கு மேலே ஒரு நாடா கோத்து அதைத் தார்ப்பாயின் நடுக்கயிற்றில் கட்டித் தூக்கும்படி செய்தோம். நீளம் 2.1 மீட்டர். வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே அளவுப் பட்டியலைப் படித்துத் திருப்தி அடையாமல், முடிந்தால் உள்ளே படுத்து, ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

தார்ப்பாய்க்குத் துணி தேர்வதில் எனக்குக் குழப்பம் நீடிக்கவில்லை. சிலிக்கான் பூசிய நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் தொய்வதில்லை. டைனீமா என்னும் இழைத்துணி இரண்டையும்விட எடை குறைவு. அதன் விலைக்கு ஒரு பவுனைப் பற்றி யோசிக்கத் தோன்றும். நீர் அழுத்தத்தைத் தாங்கும் திறனை, துணி தாங்கும் நீரின் உயரமாக, மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். மேலே கட்டும் துணிக்கு 1500 முதல் 2000 வரை போதும், உடம்பின் எடை அழுத்தும் தரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். பாலியூரித்தேன் பூசிய மலிவான துணிகளை நான் நம்புவதில்லை. அவற்றைத் தைத்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டலாம் என்பது வசதிதான். ஆனால் எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் பரணில் இரண்டு கோடைகள் கிடந்தால் பூச்சு பிசுபிசுத்து, ஒரு புளித்த வாடையோடு உரிந்து வந்துவிடுகிறது. என் பழைய கூடாரத்தின் கதி அதுதான்.

ஆணி தேரியில் நிற்காது. இதை எந்த விற்பனைக் குறிப்பிலும் நான் பார்க்கவில்லை. செம்மணலில் ஒரு முழம் ஆணியை அறைந்தாலும் காற்று ஒரு முறை ஊதினால் பல்லைப் பிடுங்குவது போல வந்துவிடும். அதற்குப் பதிலாக, காய்ந்த பனைமட்டையை இரண்டு சாண் நீளத்துக்கு வெட்டி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மணலை மிதித்துவிட்டால், லாரியில் பாரம் கட்டும் முடிச்சுப் போட்டு இழுத்தாலும் அசையாது. மட்டை இல்லாத இடத்துக்கு நான்கு சிறு துணிப்பைகள் வைத்திருக்கிறேன். மணலை நிரப்பி அதே போலப் புதைக்க வேண்டும்.

அதே பனைமட்டைதான் எனக்குக் கேடும் செய்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மட்டை பறப்பதைப் பற்றி நான் யோசிக்காதது என் தவறு. போன ஆடியில், மேலக்காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று இரண்டு பனைகளுக்கு இடையே தார்ப்பாயைக் கட்டிப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு மேல், காவோலையோடு ஒரு காய்ந்த மட்டை பிய்ந்து வந்து தார்ப்பாயின் மேல் சரிந்து, அதன் கருக்கு, ரம்பம் அறுத்தது போலத் துணியை மூன்று முழத்துக்குக் கிழித்துக்கொண்டு என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கிழிந்திருப்பது துணியாக இருந்திருக்காது. அதன் பிறகு பனைக்கும் தென்னைக்கும் நேர் கீழே நான் படுப்பதில்லை; மரத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்து, அந்தத் தொலைவு தள்ளி, ஊன்றுகோல் ஒன்றை நட்டுக் கட்டிக்கொள்கிறேன். கிழிந்த சிலிக்கான் துணியில் சாதாரண ஒட்டுநாடா ஒட்டாது என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். கண்ணாடிச் சன்னலுக்குப் பூசுகிற சிலிக்கானை பெயிண்ட் கடை டர்பன்டைனில் கரைத்து, தூரிகையால் பூசி, அதே துணியில் ஒரு துண்டை ஒட்ட வேண்டும். தையல்களை நீர்புகாமல் அடைப்பதற்கும் அதே கலவைதான்.

ஆடியில் தார்ப்பாயின் தாழ்ந்த முனை மேற்கே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து வருவதால் அப்போது அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். என்னுடையது 2.8 மீட்டருக்கு 1.8 மீட்டர். இதைவிடச் சிறியது எடையில் ஐம்பது கிராம் மிச்சம் தரும். சாய்ந்தடிக்கும் மழையில் கால்மாடு நனையும். ஐப்பசியில் இரண்டு இரவுகள் இதில் படுத்தேன், நனையவில்லை. ஆனால் அடைமழையில் படுப்பதற்காக யாரும் இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை பெய்ததையும், தாமிரபரணி கரையை விட்டு வெளியே வந்ததையும் பார்த்தவர்கள், ஓடையோரத்திலும் ஆற்றுப்படுகையிலும் எந்த மழைக்காலத்திலும் பாயை விரிக்க மாட்டார்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பெரியப்பாவின் திண்ணைதான் சரியான பதில்.

வளையம் வைத்த பிவிகளையும் நான் பார்க்காமலில்லை. தலைமாட்டில் ஒரு கம்பி வளைந்து நின்று முகத்துக்கு இடம் கொடுக்கும். ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். குளிர்நாட்டில் மழையோடு காற்றடிக்கும் திறந்தவெளியில் அதை மிஞ்ச வேறொன்றில்லை என்று நினைக்கிறேன். இங்கே அது சின்னக் கூடாரத்தின் புழுக்கத்தையும் பிவியின் நெருக்கடியையும் ஒருசேரத் தருகிறது. தொட்டில் போலத் தொங்கும் வலைப்படுக்கை நல்லதுதான், ஆனால் தேரியில் உடைமரம் அந்த எடையைத் தாங்காது. பனைகளுக்கு இடையே தூரம் ஒத்துவருவதில்லை.

பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வலை உறை 340 கிராம், தார்ப்பாய் 300, கயிறு 70, நான்கு ஆணிகளும் மணற்பைகளும் 90. மொத்தம் 800. என்னை மயக்கிய அந்த 480 கிராம் உறையைவிட இது 320 கிராம் கூடுதல். அதை மறைப்பதில் பயனில்லை. அந்த 320 கிராமுக்கு நான் பெறுவது, பங்குனியில் சாரம் உடம்பில் ஒட்டாத ஓர் இரவு. பழைய உறையை விற்கவில்லை. வட இந்திய மலைகளுக்குப் போகிற அத்தை மகன் அதை வாங்கிக்கொண்டு போய், இரண்டு முறை உறங்கிவிட்டு வந்து, அருமையான பொருள் என்றான். அவன் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை.

திரும்பி வந்ததும் எதையும் பைக்குள் திணித்து வைப்பதில்லை. உறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, மச்சில் நிழல் விழும் கொடியில் ஒரு பகல் தொங்கவிட்டு, மூலைகளில் தேங்கிய செம்மணலை உதறிவிடுகிறேன்; மணல் ஜிப்பின் பல்லில் சிக்கினால் அது சீக்கிரம் வாயைப் பிளந்துவிடும். உவரிக்குப் போய்வந்தால் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு மெழுகுவத்தியைத் தேய்க்கிறேன். போன வாரம் தரைத்துணியில் உடைமுள் குத்திய இரண்டு துளைகளைப் பார்த்து மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். சிலிக்கான் வாங்கியாயிற்று, டர்பன்டைன் மட்டும் வாங்க வேண்டும்.